முப்பத்தொன்றாம் தேதிக்கு ஒன்று

எழுபது சதவீதம் என்றார்கள் தஞ்சாவூரில்.
இருபது வருடம் நெல் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதியவர் இவர்.
ஈரம் பதினேழு என்றால் எடைபோடு,
இருபத்திரண்டு என்றால்
களத்தில் கொட்டிக் காயவை.
அந்தப் பழக்கத்தில் கேட்டார்:
"எழுபதுன்னா திருப்பி அனுப்புற அளவாம்மா?"

டாக்டர் மெகராஜ் பானு சிரிக்கவில்லை.
திரையில் ஒரு கறுத்த வேர்,
அதில் ஓரிடத்தில் யாரோ நகத்தால் கிள்ளியதுபோல.
"கம்பிச்சுருள் வச்சா வலி சீக்கிரம் குறையும்.
ஆயுசு கூடும்னு உங்க நிலைமையில
என்னால எழுதித்தர முடியாது.
மாத்திரையில தொடங்கலாம்.
நடந்தா வர்ற வலி
சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வந்துதுன்னா
அன்னிக்கே கிளம்பி வரணும்."

நீடாமங்கலத்தில் யாரும் இதை நம்பவில்லை.
சிங்கப்பூர்க் கொழுந்தனார்
"பணம் நான் அனுப்பறேன் அண்ணி" என்றார்,
பணமில்லை என்று நாங்கள் சொல்லாத இடத்தில்.
பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி,
"தூர் வாரினாத்தானே தண்ணி ஓடும்" என்றார்.
"வாரின மண்ணு அடுத்த மழைக்கே உள்ள வந்துடும்,
கரையையும் கெட்டிப்படுத்தணும்யா" என்றார் இவர்.
நாத்தனார் ராஜகுமாரி
இரண்டு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து
சட்டைப் பொத்தான் சந்தில் தையலைத் தேடினார்.
ஒன்றை மட்டும் மேஜையில் வைத்தார்.
மற்றது பையோடு திரும்பிப் போயிற்று.
வெட்டாத நோய்க்கு
வாசலில் செருப்பு சேருவதில்லை.

காலையில் சாப்பிட்டபின் பொடிசாய் ஒரு வெள்ளை.
நாடி துள்ளாதிருக்க இன்னொன்று.
ராத்திரி, கொழுப்புக்கு, நீளவாக்கில்.
முதல் இரண்டு வாரம் எழுந்தால் தலை சுற்றியது,
தொடை வலிக்கிறதென்றார்.
மாவடு ஜாடி பரணுக்குப் போனது,
ஏணி இருப்பது அவருக்கும் தெரியும் என்பதால்
அங்கிருந்து என் தம்பி வீட்டுக்கு.
பீடியை விட்டபின்னும்
தீப்பெட்டி மட்டும் பதினோரு நாள்
சட்டைப்பையில் இருந்தது. நான் கேட்கவில்லை.

வெண்ணாற்றுக் கரையில் நடை.
புரட்டாசியில் ஒன்பதாவது மின்கம்பத்தில் நெஞ்சு பிடித்தது.
ஐப்பசியில் மழை.
கிடங்குத் தாழ்வாரத்தில்
தார்ப்பாய் மூடிய மூட்டைகளைச் சுற்றிச்சுற்றி நடந்தார்,
காவல்காரர் கூடவே எண்ணினாராம்.
தை மாதம் பதினான்காவது கம்பம்.
வீட்டுக்கு வந்து அதைச் சொன்ன குரலில்
சம்பள உயர்வு போலொன்று இருந்தது.

மாசியில் ஒருநாள்,
ஷேர் ஆட்டோவைப் பிடிக்க ஓடி ஏறினார்.
கேட் மூடியிருந்தது.
எங்கள் ஊர் கேட்டைப் பற்றி
தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.
இவர் பேச்சை நிறுத்தினார்.
அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும்.
மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டுக்
கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஐந்து நிமிடம், தணியாவிட்டால் நூற்றெட்டு.
ஆனால் நூற்றெட்டும் எந்தப் பக்கம் நிற்கும்?
பெட்டிகள் போயின, போயின.
மூன்றாம் நிமிடம் நெற்றியில் வேர்வை.
நான்காவதில், மாத்திரை கரையும் வாயோடு,
"எல்லாம் நாம ஏத்தின நெல்லு" என்றார்.

கேட் திறந்ததும் வீட்டுக்குப் போகவில்லை.
ஆட்டோவைத் தஞ்சாவூர் பக்கம் திருப்பச் சொன்னேன்.
டாக்டர் படம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டினார்,
ஓடியதற்குத் திட்டினார்.
கம்பியே வைத்திருக்கலாமோ
என்று அன்று ராத்திரி நினைத்தேன்.
இப்போதும் சில ராத்திரி நினைக்கிறேன்,
பக்கத்தில் மூச்சு சீராக வரும்போதும்.

அட்டைக்குப் பதினைந்து. மாதத்துக்கு இரண்டு அட்டை.
முப்பத்தொன்று வரும் மாதங்களில்
ஒருநாள் கடனாக நிற்கும்.
கடைப் பையன் எங்களைப் பார்த்ததும் சிரித்து
புது அட்டையிலிருந்து ஒன்றே ஒன்றைக்
கத்தரிக்கோலால் நறுக்கித் தருகிறான்.
ராஜகுமாரிக்குச் சொல்ல வேண்டும்,
இந்த வைத்தியத்தில்
வெட்டியது இவ்வளவுதான்.